வரலாறு என்பது முடிந்துபோன கதையா?



"அதெல்லாம் ஹிஸ்டரி, விடு!" என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கிறேன். முடிந்துபோனது, இனிப் பயனற்றது என்னும் பொருளிலேயே அச்சொல்லை அவர்கள் ஆள்கின்றனர். ஆங்கிலத்தில் அப்படியொரு வழக்கு உண்டுதான். ஆயினும், அச்சொல்லின் முழுப்பொருள் அதுவன்று. வரலாறு கற்பிக்கும் நாம் இதனைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

'ஹிஸ்டரி' என்பது 'ஹிஸ்டோரியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'கேட்டு ஆராய்ந்து அறிதல்' என்பதே அதன் மூலப்பொருள். கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே இச்சொல்லை ஆண்டுள்ளார். செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிய ஆய்வை ஆங்கிலேயர் 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்பது அப்பழம்பொருளின் எச்சமாகும். மருத்துவர் நம் நோயின் 'ஹிஸ்டரி'யைக் கேட்பதும் பழங்கதை கேட்பதற்காக அன்று. இன்றைய நோயைத் தீர்ப்பதற்காகவே.

மலாய்மொழியின் 'செஜாரா' என்னும் சொல்லோ, மரத்தைக் குறிக்கும் 'ஷஜரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. வேரும் கிளையுமாகப் படரும் குலவழி மரம் என்பது கருத்து.

நம் தமிழில் வரலாறு என்பது வரல் + ஆறு. அதாவது, வந்த வழி. யாப்பருங்கல விருத்தி போன்ற பழைய உரைகளில் எடுத்துக்காட்டுச் செய்யுள்களுக்கு முன் 'வரலாறு' என்று குறித்திருப்பதைக் காணலாம். இலக்கணம் வழக்கில் வருமாறு இது என்பது அதன் பொருள்.

ஆகவே, ஆராய்ச்சி, மரம், வழி ஆகிய மூன்று மூலப்பொருள்களில் ஒன்றுகூட 'முடிந்தது' என்று சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, நம் செமோருக்கு வருவோம். 1877 ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரை வந்தடைந்தன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழியாக நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு அத்தகைய ஆளெடுப்புக்குத் தடை விதித்தது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரவர் மீளவில்லை.

செமோரில் ஸ்ட்ராதிஸ்லா தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் 'ஸ்ட்ராத்' என்றால் அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. 'ஐலா' என்று ஒலிக்கப்படுவது அங்குள்ள ஓர் ஆறு. அந்நாட்டு ஆற்றின் பெயர் நம் தமிழ்ப்பிள்ளைகளின் பள்ளிப் பலகையில் ஏறியிருக்கிறது! ஒரு பலகைக்குப் பின்னால் இத்துணை நெடிய வழி இருக்கிறதென்றால், ஒரு குடும்பத்திற்குப் பின்னால் எத்துணை இருக்கும்?

2014 ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாயிற்று. எஸ்.பி.எம். தேர்வில் 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறுவது கட்டாயம். மாணவர்கள் ஆண்டுகளை மனனம் செய்கின்றனர்; புள்ளிகளும் பெறுகின்றனர். ஆனால், "உன் பாட்டி எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்?" என்று வகுப்பில் நான் கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலரே. பெற்றோருள் சிலர், "அந்தக் கஷ்டம் பிள்ளைக்கு எதற்கு ஆசிரியரே?" என்கின்றனர். அவர்தம் உள்ளம் எனக்குப் புரிகிறது. எனினும், கஷ்டத்தை மறைக்கும்போது அதனைக் கடந்து வந்த துணிவும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது.

ஆகவே, பள்ளி விடுமுறையில் மூன்று பணிகளைச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

1. மரம்: தாத்தா பாட்டி, அவர்தம் பெற்றோர் ஆகியோரின் பெயர்களைப் பிள்ளையின் கையாலேயே குலவழி மரமாக எழுதச் செய்யுங்கள்.

2. வழி: எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தெந்தத் தோட்டங்களில் வாழ்ந்தனர், பிரட்டுக்குச் செல்ல எத்தனை மணிக்கு எழுந்தனர் என்று முதியோரைக் கேட்கச் செய்யுங்கள்.

3. ஆராய்ச்சி: பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடி, கேட்டதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரம் இல்லாமையால் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்தியோர் நம்மிடையே உண்டு. ஒரு தாளின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை ஒவ்வொருவராய் விடைபெற்று வருகிறது. நூலகத்தில் கிடைக்காத செய்திகள் அவர்களிடம் உள்ளன. அடுத்த விடுமுறை வரையில் காத்திராமல் இந்த வாரமே கேளுங்கள்; கேட்டதனைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். வந்த வழி தெரிந்த பிள்ளையே போகும் வழியைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்கும் என்பது என் நம்பிக்கை.