படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு: திருகோணமலையில் ஒரு கருவி மாற்றத்தின் கதை

புகைப்படத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் படச்சுருளை விட்டு டிஜிட்டல் கமராவுக்கு மாறிய கதையைப் பல ஊர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். செலவு குறைந்தது, எடுத்த படத்தை உடனே பார்க்க முடிந்தது, முப்பத்தாறு படம் என்ற கணக்கு ஒழிந்தது என்பதோடு அந்தக் கதை பெரும்பாலும் முடிந்துவிடும். திருகோணமலையில் அது அப்படி முடியவில்லை. அங்கே ஒரு படம் எடுப்பவனுக்கும் அந்தப் படத்துக்கும் இடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதே முக்கியமான கேள்வியாக இருந்தது. டிஜிட்டல் கமரா அந்த எண்ணிக்கையை மாற்றியது. அதன் விளைவுகள் எல்லாம் இனிமையானவை அல்ல.

துறைமுகத்திலிருந்தே தொடங்கவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தைப் படம் எடுக்கும் உரிமை எக்காலத்திலும் அதைக் கையில் வைத்திருந்தவர்களிடமே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானியரின் பெரும் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அங்கிருந்து முன்கூட்டியே வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பல் சரிந்து அமிழும் காட்சியை இன்று உலகம் அறிவது ஜப்பானிய விமானமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட படத்தால். தாக்கியவனிடம் கமரா இருந்தது, கரையில் நின்று பார்த்த ஊரவனிடம் இல்லை. 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த பின்னரும் கடற்படைத் தளம் கடற்படைத் தளமாகவே இருந்தது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களையோ கடற்படை வாயிலையோ நோக்கிக் கமராவை உயர்த்துவது போர் தொடங்குவதற்கு முன்பே புத்திசாலித்தனமான செயலாகக் கருதப்படவில்லை.

பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர்களால் இந்த ஊருக்குக் கிடைத்த பெரும் பேறு ஒன்றையும் சொல்லவேண்டும். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கு வந்து சுவாமி மலைக்குக் கீழே கடலில் முக்குளித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இருபதுகளில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீரடியில் கிடப்பதைக் கண்டார்கள். வில்சன் அவற்றைப் படம் எடுத்தார். கிளார்க் 1957இல் வெளியிட்ட தப்ரபேன் பவளப் பாறைகள் பற்றிய நூலில் அந்தக் கதை உண்டு. வில்சன் கடலடியில் கண்டெடுத்த லிங்கமும், 1950இல் நகரில் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட விக்கிரகங்களும், 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயிலின் வரலாற்றில் சேர்ந்துவிட்டன. வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார் என்பது தனிக் கதை. கமராக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நீருக்கடியில் சுருள் மாற்ற முடியாது. ஒரு முறை மூழ்கினால் ஒரு சுருள், அவ்வளவுதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று மூச்சை எண்ணிக்கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

கரையில் இருந்தவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய அதுவே. எங்கள் தலைமுறையில் கமரா வைத்திருந்த ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கி ஊழியர் எவராயினும் முதலில் கற்றுக்கொண்டது சிக்கனம். திருவிழாவுக்கு ஒரு சுருள், திருமணத்துக்கு இரண்டு. எஞ்சிய மூன்று நான்கு படங்களுக்காகச் சுருள் மாதக்கணக்கில் கமராவுக்குள் காத்திருக்கும். கறுப்பு நிறத்தில் சாம்பல் மூடியுடன் வரும் பிலிம் டப்பாக்களைக்கூட யாரும் எறிந்ததில்லை. திருநீறு கொண்டுசெல்ல அதைவிடச் சிறந்த சிமிழ் கிடையாது. கோணேசர் கோயிலுக்குப் போகும் அடியார்களின் பைகளில் கொடாக் டப்பாவும் பியூஜி டப்பாவும் இருந்த காலம் அது.

கோயிலுக்குப் போகும் பாதையே படம் எடுப்பவனுக்கு முதற் சோதனை. பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்துதான் மலையேற வேண்டும். கோட்டை இராணுவ முகாம். வாயிலில் பையைத் திறந்து காட்டவேண்டும். உள்ளே மர நிழலில் புள்ளிமான்கள் நிற்கும். அவற்றைப் படம் எடுக்கலாம், பின்னணியில் முகாம் கட்டடம் விழாதவரை. தவறினால் கமராவின் பின்மூடியைத் திறந்து சுருளை உருவிவிடுவார்கள். வெளிச்சம் பட்ட நொடியில் மான்களோடு சேர்ந்து போன மாதத்துப் பிறந்தநாளும் போய்விடும். அதை மீட்க உலகில் எந்த வித்தையும் இல்லை.

சாவடி தாண்டிய சுருள் அடுத்து ஸ்ரூடியோவுக்குப் போகும். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சுருளைக் கழுவி அச்சிடுபவர் நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்தையும் உங்களுக்கு முன்பே பார்த்துவிடுவார். அமைதியான ஊரில் அது ஒரு பொருட்டல்ல. சுற்றிவளைப்புக்கும் தேடுதலுக்கும் பழகிய ஊரில், ஸ்ரூடியோக்காரருக்கும் குடும்பம் உண்டு, கடை உண்டு. சில படங்களை அவர் அச்சிடத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது. அவரைச் சங்கடத்தில் மாட்டக்கூடாது என்பதற்காகவே பலர் சில படங்களை எடுக்காமல் விட்டார்கள். அந்தத் தணிக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லாச் சட்டங்களையும்விட ஒழுங்காக நடைபெற்றது. பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய சுருளுக்கோ இன்னும் ஒரு கை கூடுதல். உறையில் இட்டுக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று தொலைபேசிக்காகக் காத்திருக்கவேண்டும்.

டிஜிட்டல் கமரா புதுமையான கண்டுபிடிப்பு அல்ல. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன் 1975லேயே ஒன்றைச் செய்துவிட்டார். நிறை ஏறக்குறைய 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் வேண்டும். சுருள் விற்றுப் பிழைத்த கொடாக் அதைச் சந்தைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை. சாமானியப் பொழுதுபோக்காளரின் கைக்கு எட்டும் விலையில், வில்லை மாற்றக்கூடிய டிஜிட்டல் கமரா வந்தது 2003இல், கெனன் 300டி வடிவத்தில். எங்களுக்கு அந்தக் காலம் வேறொரு வகையிலும் பொருந்தி வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. பாதைகள் திறந்தன. இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பல ஆண்டுகளுக்குப் பின் ஊர் பார்க்க வந்தவர்கள் கையடக்க டிஜிட்டல் கமராக்களுடன் வந்தார்கள். போகும்போது தம்பிக்கோ மருமகனுக்கோ விட்டுச் சென்றார்கள். திருகோணமலையில் டிஜிட்டல் பரவியதில் கடைகளைப் போலவே உறவுமுறைகளுக்கும் பங்குண்டு.

பழகிய கைக்குப் புதுக் கருவி எளிதாக வசப்படவில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளின் வெண்மணலில் உச்சி வெயிலில் எடுத்தால் நெகட்டிவ் சுருள் கொஞ்சம் மிகை வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். அன்றைய டிஜிட்டல் கமராக்கள் பொறுக்கவில்லை. மணல், அலை நுரை, வேட்டி மூன்றும் ஒரே வெள்ளைத் தாளாகின. நிழல் கறுத்தாலும் பரவாயில்லை, வெண்மையைக் காப்பாற்று என்ற ஸ்லைட் சுருள் காலத்து விதியை மீண்டும் கற்கவேண்டியிருந்தது. பழைய 28 மில்லிமீற்றர் வில்லையைப் புதிய உடலில் பொருத்தினால் சென்சர் சிறியது என்பதால் ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் வில்லையின் பார்வைதான் கிடைக்கும். உவர்மலையிலிருந்து பார்க்கையில் முன்பு சட்டத்துக்குள் அடங்கிய உட்துறைமுகம் இப்போது அடங்கவில்லை. உப்புக் காற்றும் பூஞ்சணமும் மட்டும் இரண்டு கருவிகளையும் வேறுபாடின்றி நடத்தின.

ஆனால் சாவடியில் எல்லாம் மாறிவிட்டது. சுருளை உருவ வழியில்லை. திரையைக் காட்டு, அதை அழி என்றார்கள். அழித்தவர்கள் பலருக்கும், அழிக்கச் சொன்னவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கவில்லை. அழி என்றால் கமரா பொதுவாக அந்தப் படத்தை உண்மையில் துடைத்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று அட்டையின் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலே வேறு படம் எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் பழையதைத் திரும்ப எடுக்கலாம். ஸ்ரூடியோவின் கண்ணும் இல்லாமற்போயிற்று. கொழும்பு பஸ்ஸும் தேவையில்லை. படம் எடுப்பவனுக்கும் படத்துக்கும் இடையில் நின்ற எல்லோரும் ஒரே சமயத்தில் விலகினார்கள். அவர்களில் சிலர் தடையாக மட்டுமன்றி மறைப்பாகவும் இருந்தார்கள் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் வந்தபோது இரண்டு காலங்களும் அருகருகே தெரிந்தன. கரையோர வீடுகளில் நீர் புகுந்து ஆல்பங்களையும் நெகட்டிவ்களையும் கூழாக்கியது. அழிவின் படங்களோ டிஜிட்டல் கமராக்களின் வழியே உடனுக்குடன் உலகைச் சுற்றின.

அடுத்து 2006 ஜனவரி. அந்த மாதத்தை நாள்வாரியாகச் சொல்வதே பொருத்தம்.

2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வேறு இருவர் படுகாயமடைந்தார்கள். மாணவர்கள் தாங்களே வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு கூறியது. சுடர் ஒளி நாளிதழின் பகுதிநேர நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலையின் பிண அறைக்குள் சென்று உடல்களைப் படம் எடுத்தார். அப்படங்களில் தெரிந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். சுடர் ஒளி அவற்றை வெளியிட்டது. பிரேத பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டையே உறுதிப்படுத்தியது. கைக்குண்டுக் கதை நிற்கவில்லை.

அம்மாதம் இரண்டாம் வாரத்தில், ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் தனது படச்சுருள் கமராக்களில் இரண்டைத் தவிர மற்றவற்றின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 19ஆம் திகதி கொனிகா மினோல்டா நிறுவனம் கமரா, சுருள், அச்சுத்தாள் அனைத்திலிருந்தும் வெளியேறுவதாக அறிவித்தது. உலகெங்கும் படச்சுருள் விரும்பிகள் அந்த வாரத்தைத் துக்க வாரமாக எழுதினார்கள்.

24ஆம் திகதி அதிகாலை, ஆளுநர் செயலகத்துக்கு அண்மையில், பஸ்ஸுக்காகக் காத்திருந்த சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. தோக்கியோவில் எடுத்த வணிக முடிவுக்கும் திருகோணமலை வீதியில் நடந்த கொலைக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு காலம் முடிந்ததை நாங்கள் அறிந்தது அந்த மாதத்தில்தான். சுருள் காலத்தில் ஒரு படத்தை இல்லாமற் செய்ய நெகட்டிவைக் கைப்பற்றினால் போதும். மூலம் ஒன்றே ஒன்று. டிஜிட்டலில் மூலத்துக்கும் பிரதிக்கும் வேறுபாடு இல்லை. ஒரு முறை வெளியே போன படத்தை எந்தச் சாவடியாலும் உருவ முடியாது. பழிதீர்க்க நினைப்பவனுக்கு எஞ்சியிருப்பது அதை எடுத்த மனிதன் மட்டுமே. கமராவைப் பொழுதுபோக்காக ஏந்தியிருந்த பலர் அந்த ஆண்டு அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. கொல்லப்பட்ட மாணவர்களில் ஒருவரின் தந்தையான மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் நாட்டைவிட்டு வெளியேறி, சர்வதேச அரங்குகளில் நீதி கேட்டுக்கொண்டிருந்தார். 2013இல் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தவர்கள் கைதாகிப் பின்னர் பிணையில் விடப்பட்டார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதிமன்றம் பதின்மூன்று பேரையும் விடுவித்தது. சுகிர்தராஜன் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. படம் பொய்யை மறுத்தது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற அது மட்டும் போதவில்லை.

இனி ஒரு சிறு நடைமுறைக் கவலை. 1983இலும் அதற்குப் பின்னரும் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எவ்வளவு நெகட்டிவ்கள் சாம்பலாயின என்பதற்குக் கணக்கில்லை. தப்பியவற்றைக் கடல் கொண்டுபோனது. அப்படியிருந்தும் அரிசிக்குள் புதைத்த தகரப் பெட்டியில் நான் வைத்திருந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. சாளரத்தை நோக்கிப் பிடித்தால் போதும், எந்த மின்சாரமும் வேண்டாம். 2003, 2004 காலத்து டிஜிட்டல் படங்களை எழுதிவைத்த குறுந்தகடுகளில் பாதியைக் கணினி இன்று படிக்க மறுக்கிறது. அவற்றின் சாயப் படலத்துக்கு எங்கள் ஊர் வெக்கையும் ஈரமும் ஒத்துவரவில்லை. போர்நிறுத்தக் காலத்துத் திருகோணமலை, அதாவது மூதூர் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த கூட்டமும் கடற்கரையில் பயமின்றி இருட்டும்வரை இருந்த இளைஞர்களும், பெரும்பாலும் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களில் பலர் அந்த ஆண்டுகளில் ஊருக்கு வந்து போனவர்கள். உங்கள் பழைய தகடுகளையும் அட்டைகளையும் தேடி எடுத்து, படிக்க முடிகிறவற்றை இன்றே இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். முக்கியமானவற்றைத் தாளில் அச்சிடுங்கள். அச்சின் பின்புறத்தில் இடம், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதினால் போதும்.