பெரிபெரியும் புழுங்கலரிசியும்

நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி கொத்துக் கொத்தாகக் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். அதே மண்ணில், அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அந்த நோய் அநேகமாக அண்டவில்லை. கிராமத்து மலாய்க்காரர்களையும் அப்படியே. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, மூன்று மக்களின் சோற்றையும் ஒப்பிட்டார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தேவைக்கேற்ப அவ்வப்போது குத்திய அரிசியை உண்டார்கள். தமிழர்களோ ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கலரிசியையே சமைத்தார்கள். கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த 1882-க்குப் பிறகு எல்லா நோய்க்கும் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அரிசியைச் சந்தேகித்ததே பெரிய துணிச்சல்தான்.

ஆனால் கவனிப்பு மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. சீனருக்கும் தமிழருக்கும் சோற்றில் மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, குழம்பும் கறியும் வேறு. இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்று ஒருவர் மறுத்தால், அது நியாயமான மறுப்பே. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் தொடங்கிய சோதனை இதற்குத்தான் பதில் தேடியது. நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார்கள். ஒற்றைப்படை எண்ணுக்காரர்கள் ஒரு விடுதிக்கும் இரட்டைப்படை எண்ணுக்காரர்கள் எதிர் விடுதிக்கும் போனார்கள். ஒரு பக்கம் பழையபடி சயாம் பச்சரிசி, மறுபக்கம் இந்தியப் புழுங்கலரிசி. யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, வரிசையில் நின்ற இடம் தீர்மானித்தது. பாதியில் இரு கூட்டத்தாரையும் விடுதி மாற்றியும் பார்த்தார்கள். நோய் கட்டிடத்தோடு தங்கிவிடவில்லை. பச்சரிசி உண்டவர்கள் பின்னாலேயே போனது. அந்தப் பக்கத்தில் 18 பேர் இறந்தார்கள். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள்மேல் நடந்த சோதனை இது. இன்று எந்த ஆய்வுக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதன் முடிவைப் பயன்படுத்தும் நாம் அந்தச் சாவுகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று: சரியான இடத்தில் கைவைத்தவர்களின் விளக்கம் தவறாக இருந்தது. சேமித்துவைத்த அரிசியில் பூஞ்சை ஏதோ நஞ்சை உண்டாக்குகிறது என்றார் பிராடன். அவருக்கு முன்பே பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கியதையும், தீவனம் மாறியதும் அவை தேறியதையும் கண்டவர் எய்க்மன். மாவுச்சத்தில் நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு முறிவு உண்டு என்று அவர் நம்பினார். அவருக்குப் பின் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த கிரைன்ஸ், மாவுச்சத்தே இல்லாத இறைச்சியை மிகையாகச் சூடாக்கிக் கோழிகளுக்குக் கொடுத்தார். அவையும் முடங்கின. பச்சைப்பயறு அந்த நோயைத் தடுத்தது. மாவுச்சத்தில் நஞ்சு என்ற ஊகம் அதோடு சாய்ந்தது. உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901-இல் கிரைன்ஸ் எழுதினார். அறிவியல் முறையின் பலம் சரியாக ஊகிப்பதில்தான் இருக்கிறது என்றால் பிராடனும் எய்க்மனும் தோற்றவர்கள். உண்மையில் அவர்கள் சேர்த்த சான்று நிலைத்தது. விளக்கத்தை மட்டும் பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். தவறு தன்னைக் காட்டிக்கொள்ளும்படி சோதனையை அமைப்பதே அந்த முறையின் உயிர்.

கோழிக்கூட்டில் நடந்தது தற்செயல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தற்செயல்தான். ஆனால் ஜாவாவின் 101 சிறைகளில் என்ன அரிசி, எவ்வளவு பெரிபெரி என்று ஃபோர்டர்மன் என்ற மருத்துவர் கணக்கெடுத்தது தற்செயல் அல்லவே. இன்னொரு மறுப்பு நம்மவர்களிடமிருந்து வரும்: நெல்லை அவித்துக் குத்திய நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்பது. அவர்களின் கைப்பக்குவம் பெரிது, அதில் எனக்கு ஐயமே இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. ஆயினும் காரணம் தெரியாத பழக்கம் பக்கத்து ஊரைக் காப்பாற்றாது. அதே சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்துகொண்டே இருந்தது. அதை ஆராயவே 1918-இல் குன்னூரில் மெக்காரிசன் தலைமையில் பெரிபெரி ஆய்வு தொடங்கியது. இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்ததுதான்.