அதோ பார் என்னும் விரல்

மொட்டை மாடியில் அக்கா பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயது மகன். "அதோ பாரு, நிலா" என்று விரலை நீட்டினாள். அவன் நிலாவைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. நீட்டிய கையில் ஆடிய கண்ணாடி வளையலையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மா, "ஆம்பளப் பிள்ளை, எல்லாம் மெதுவாத்தான் வரும். உன் தம்பி மூணு வயசுலதான் வாயே திறந்தான்" என்றார். அந்தத் தம்பி நான்தான். அம்மாவின் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாகக் கீழே இறங்கிவிட்டோம்.

நீட்டிய விரலுக்கும் நிலாவுக்கும் நடுவே ஒரு குழந்தைக்குள் என்ன நடக்கவேண்டும் என்று கேட்கிற கேள்வித்தாள் ஒன்று அப்போதே உலகத்தில் இருந்தது. எங்களிடம் யாரும் அதை நீட்டவில்லை. மூன்றரை வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகுதான், அந்தத் தாள் எப்படிப் பிறந்தது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பலரும் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். அந்தப் பதினொருவரில் முதல் பையனின் அப்பா, மகனைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கம் எழுதி கானருக்கு அனுப்பியிருந்தார். மகன் எதைச் சுழற்றுவான், யார் வந்தால் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே ஒருவர் கண்டு எழுதியிருந்தார். ஆட்டிசத்தை முதலில் பார்த்தது வீடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவம் அதற்குப் பெயர் வைத்தது. ஆனாலும் அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு மூன்று வயதுக்கு முன்னால் கண்டுபிடிப்பது அபூர்வமாகவே இருந்தது. எல்லாரும் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். பேச்சு வராதபோதுதான் கவலைப்பட்டார்கள்.

பேச்சுக்கு முன்னால் விரல் பேசுகிறது என்பதை ரோம் நகரத்தில் மூன்று பெண் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் எழுதினார்கள். எலிசபெத் பேட்ஸ், லூஜியா கமயோனி, விர்ஜினியா வோல்தெர்ரா ஆகிய மூவரும் 1975இல் வெளியிட்ட கட்டுரை அது. குழந்தை சுட்டிக் காட்டுவதில் இரண்டு வகை உண்டு என்றார்கள். அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது ஒன்று. அதில் விரலுக்குப் பொருள் 'எடுத்துக் கொடு' என்பது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கையைக் காட்டிவிட்டு, திரும்பி அம்மா முகத்தைப் பார்ப்பது இன்னொன்று. அங்கே எதுவும் வேண்டியதில்லை. 'நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா?' என்பது மட்டும்தான். முதலாவதில் அம்மா ஒரு கை. இரண்டாவதில் அம்மா ஒரு துணை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1978இல், பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளைக் கவனித்த ஃபிராங்க் கர்சியோ ஒன்றைக் கண்டார். வேண்டியதைக் கேட்க அவர்களுக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. காட்டி மகிழ்கிற இரண்டாவது விரல் மட்டும் இல்லை. லண்டனில் சைமன் பேரன்-கோஹன் 1989இல் இதையே சோதனை செய்து எழுதினார். இந்த விரல் வழக்கமாக ஒன்றரை வயதுக்குள் வந்துவிடும். அப்படியென்றால் மூன்று வயது வரை ஏன் காத்திருக்கவேண்டும்? தாள் பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தைகளில் யாருக்கு ஆட்டிசம் வரும் என்று முன்கூட்டி எப்படித் தெரியும்? வைக்கோல்போரில் ஊசி தேடும் வேலை அது. பேரன்-கோஹனும் ஜேன் ஆலனும் ஸ்வீடன் மருத்துவர் கிறிஸ்டோஃபர் கில்பெர்கும் ஒரு வழி கண்டார்கள். ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளை ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் அடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். அப்படி 41 பேர். ஒப்பிட, பொதுவாக எடுத்த 50 பேர். தாளுக்கு 'சாட்' என்று பெயர். பெற்றோரிடம் ஒன்பது கேள்வி, செவிலியரோ மருத்துவரோ நேரில் பார்த்துக் குறிக்கவேண்டியவை ஐந்து.

அந்த ஐந்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குழந்தை நம் கண்ணைப் பார்க்கிறதா? அறையின் மறுபக்கம் ஒரு பொம்மையைக் காட்டி "அங்கே பார்" என்றால், கையைப் பார்க்காமல் பொம்மையைப் பார்க்கிறதா? விளையாட்டுக் கோப்பையும் கெண்டியும் கொடுத்து டீ போட்டுத் தரச் சொன்னால், இல்லாத டீயை ஊற்றுகிறதா, குடிப்பதுபோலப் பாவனை செய்கிறதா? விளக்கு எங்கே என்றால் விரலால் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறதா? கடைசியாக, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிறதா? ஊசியில்லை, ரத்தப் பரிசோதனையில்லை. ஒரு செப்புச் சாமானும் நாலு மரக்கட்டையும் போதும். எங்கள் மாடியில் அன்று நடந்தது இரண்டாவது கேள்வி.

1992இல் முடிவு அச்சானது. 41 பேரில் நான்கு குழந்தைகள் முக்கியமான அம்சங்களில் இரண்டிலோ அதற்கு மேலோ தவறினார்கள். இரண்டரை வயதில் ஆட்டிசம் உறுதியானது அந்த நால்வருக்கு மட்டும்தான். அடுத்து இங்கிலாந்தின் தென்கிழக்கில் 16,000 குழந்தைகளிடம் இதே தாள் போனது. சுட்டிக் காட்டுவது, காட்டிய இடத்தைப் பார்ப்பது, பாவனை விளையாட்டு ஆகிய மூன்று முக்கிய அம்சங்களிலும் தொடர்ந்து தவறியவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் பத்துப் பேருக்கு ஆட்டிசம்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெற்றிக் கதை. அந்தக் குழுவினர் நிற்கவில்லை. அதே குழந்தைகள் ஏழு வயதாகும்வரை தொடர்ந்து போய்ப் பார்த்து, 2000இல் உண்மையை எழுதினார்கள். ஆட்டிசமுள்ள குழந்தைகளில் 38 சதவீதம் பேரைத்தான் தாள் பிடித்திருந்தது. பாதிக்கு மேல் நழுவிவிட்டார்கள். தாங்கள் செய்த கருவி எத்தனை பிள்ளைகளைத் தவறவிட்டது என்று தாங்களே எண்ணிச் சொன்னவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு தாளில் 'பயமில்லை' என்று வந்துவிட்டால் அதையே நம்பி உட்காராதே என்று எங்களைப்போன்ற குடும்பங்களுக்கு அவர்கள் சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இங்கிலாந்தைப்போல வீடுதேடி வரும் சுகாதாரச் செவிலியர் கிடையாது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டெபோரா ஃபைனிடம் ஆய்வு மாணவியாக இருந்த டயானா ராபின்ஸும் உடனிருந்தவர்களும், நேரில் பார்க்கும் பகுதியை எடுத்துவிட்டு, பெற்றோரே ஆம், இல்லை என்று நிரப்பும்படி 23 கேள்விகளாக மாற்றினார்கள். 2001இல் வந்த இதுதான் 'எம்-சாட்'. சந்தேகம் எழுந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் கேட்பார்கள். 2014இல் திருத்தி இருபது கேள்விகளாக்கினார்கள். பொது நல மருத்துவப் பரிசோதனையிலேயே 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என 2007இலேயே அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. நம் ஊரில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசிக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகிற வயதும் அதுதான். (ஊசி போடும் வயதும் அறிகுறி தெரியும் வயதும் ஒன்றாக இருப்பதால்தான் ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயம் பரவியது. அதைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.) எடை போடும் வரிசையில் நிற்கும்போது அந்த இரண்டு விரல்களைப் பற்றியும் ஒருவர் கேட்டால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தாள் ஊர் மாறும்போது தடுமாறியதும் உண்டு. இலங்கையில் ஹேமமாலி பெரேராவும் உடனிருந்தவர்களும் நகரை ஒட்டிய ஒரு பகுதிக்கு எம்-சாட்டைக் கொண்டுபோனார்கள். ஆட்டிசமுள்ள பெரும்பாலான குழந்தைகள் அம்மாக்களின் ஆம், இல்லை பதில்களில் தப்பிவிட்டார்கள். அறிகுறிகளை வைத்து நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2009இல் இதை வெளியிட்டார்கள். பிற்பாடு பெரேரா எழுத்துக்குப் பதில் படங்களை வைத்து ஒரு கருவியே உருவாக்கினார். அம்மாக்களின் பதில்களில் குழந்தைகள் தப்பியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "உங்கள் பிள்ளை சுட்டிக் காட்டுவானா?" என்று யாராவது கேட்டிருந்தால் அக்கா "ஓ, காட்டுவானே" என்றுதான் சொல்லியிருப்பாள். அவன் தன் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்கு இழுத்துப்போவதையே காட்டுவதென்று அவள் நினைத்திருந்தாள்.

இந்த விரல் இல்லாமல் போவதன் இன்னொரு துன்பம் எந்தத் தாளிலும் வராது. வலிக்கிற இடத்தைக் காட்டவும் அதே விரல்தான் வேண்டும். ஆட்டிசமுள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். பல் வலித்தாலும் காது சீழ் வைத்தாலும் வெளியில் தெரிவது அழுகையும் தலையை மோதிக்கொள்வதும்தான். அதைப் பார்த்துவிட்டு 'ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். அக்கா மகனை ஒரு மருத்துவமனையில் அப்படித்தான் அனுப்பினார்கள். மூன்று இரவு அவன் தூங்கவில்லை. நான்காம் நாள் வேறொரு மருத்துவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். செவிப்பறை சிவந்திருந்தது.

அதன்பிறகு பயிற்சியில் அக்கா தினமும் ஒரு பொம்மையைத் தூரத்தில் வைத்து, அவன் விரலைத் தன் விரலால் பிடித்து நீட்டிக்கொண்டே இருந்தாள். இருபது மாதம். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அவளை உலுக்கி எழுப்பினான். அழவில்லை. ஆட்காட்டி விரலை இடது காதின்மேல் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.