கடிகையில் வாளெடுத்த மாணவன்

திருத்தணியைக் கடந்து வடக்கே செல்வோருக்கு நகரி மலையின் மூக்கு நெடுந்தொலைவிலேயே புலப்படும். அதற்கு மேற்கே உள்ள சித்தூர்ப் பகுதியைப் பாண அரசர்கள் நெடுங்காலம் ஆண்டனர். யாழிசைத்த பாணர் வேறு; இவர்கள் அரச குடியினர். திருப்பதிக்கு அருகே குடிமல்லத்துக் கல்வெட்டுகளிலும் இவர்கள் பெயர் வருகிறது. இந்தப் பாணரிடம் திறை கொண்டதாகச் சொல்லப்படும் ஒருவன் பிறப்பால் போர்மரபினன் அல்லன். காஞ்சிக்குப் படிக்க வந்த மாணவன்.

பெயர் மயூரசர்மன், காலம் பொ.ஆ. 4ஆம் நூற்றாண்டு. செய்தியைத் தருவது கர்நாடகத்தின் தாளகுந்தாவிலுள்ள தூண் கல்வெட்டு. அவன் வழிவந்த கதம்ப அரசன் சாந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, குப்ஜன் என்னும் புலவர் வடமொழியில் இயற்றியது. அரச குலப் புகழுரை என்பதை மறவாமல்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஆசிரியர் வீரசர்மனுடன் வந்த மயூரசர்மன், வேதக் கல்வியை நிறைவு செய்யக் கடிகையில் சேர்ந்தான். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு பெரும்பூசல் மூண்டதென்பதே அறிஞர் பலரும் கொள்ளும் பொருள். பூசல் எதனால் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அது விட்டுச்சென்ற காயத்தைச் சொல்கிறது. அரச குடியினர் முன் அந்தணர் இத்துணை எளியவராயினரே என்று அவன் நொந்தான். தருப்பையும் சமித்தும் வேள்விக் கரண்டியும் ஏந்திய கை வாளை ஏந்தியது.

பிறகு எல்லாம் விரைந்து நடக்கிறது. பல்லவ எல்லைக் காவலரை வெல்கிறான். ஸ்ரீபர்வதம், அதாவது ஸ்ரீசைலம், வரையுள்ள காடுகளைக் கைக்கொள்கிறான். பெரும்பாணர் முதலியோரிடம் திறை பெறுகிறான். முடிவில் பல்லவரே அவனை ஏற்றுக்கொள்கின்றனர். அவன் மகன் பெயர் கங்கவர்மன். ஒரே தலைமுறையில் ‘சர்மன்’ ‘வர்மன்’ ஆகிவிட்டது; குலம் மாறிய கதையை அந்த ஒரு விகுதியே சொல்லிவிடுகிறது.

ஆனால் வாள்வித்தையை அவனுக்குக் கற்பித்தவர் யார்? கல்வெட்டில் விடை இல்லை. சினம் வாளை எடுக்க வைக்கும், வீசக் கற்றுத்தராது. குதிரைப் படையை எதிர்கொள்ளும் திறன் பல்லாண்டுப் பயிற்சியின்றி வாய்த்திருக்காது. புலவர் அந்த ஆண்டுகளை விழுங்கிவிட்டார்.

இன்று தற்காப்புக் கலை பல்கலைக்கழகத்தில் பாடத்துக்குப் புறம்பானதாகவே எண்ணப்படுகிறது. அச்சொல்லில் உள்ள ‘கழகம்’ திருக்குறளில் சூதாடும் இடம். கம்பனிடம் முருகனை ஒத்த இளைஞர் கலை பயிலும் இடம். மற்போரும் படைக்கலமும் பயிலும் அரங்கு என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன.

இதற்கு நிறுவனச் சான்றும் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். சேர விரும்புவோர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். அதே செப்பேடு, கூட்டத்துக்குப் படைக்கலத்தோடு வரலாகாது என்றும், ஒருவரையொருவர் ஆயுதத்தால் தாக்கினால் தண்டம் என்றும் விதிக்கிறது. இச்சட்டர்கள் ஆயுதப் பயிற்சியும் பெற்றவர்கள் என்பது வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணனின் முடிவு. காஞ்சிக் கடிகையும் அத்தகையதே என்பதற்கு நேர்ச்சான்று கிடையாது. ஆயினும் மயூரசர்மன் கதையில் விடுபட்ட ஆண்டுகளைத் தேட, காட்டுக்குள் நுழையுமுன் கடிகையின் முற்றத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.