ஒரு நோயின் பல வேடங்கள்



நோய்களுட் பல தம் வருகையைத் தாமே அறிவித்துக்கொண்டு வருபவை. அம்மை உடலிற் கொப்புளமாகத் தோன்றும். மலேரியா நடுக்கத்தோடு வரும். ஆனால், ஒரே நோய் ஒருவரிடம் மார்புக் குத்தாகவும், இன்னொருவரிடம் வெறும் மூச்சிளைப்பாகவும், மூன்றாமவரிடம் திடீர் மயக்கமாகவும் தோன்றுமாயின் அதனை இனங்காண்பது எங்ஙனம்? சுவாசப்பையின் நாடிகளைக் குருதிக்கட்டி அடைத்துக்கொள்ளும் நோய் அத்தகையது. மருத்துவ உலகம் அதன் வேடங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, இறந்தோர் சிலரின் சுவாசப்பையிற் குருதி உறைந்திருப்பதை வைத்தியர்கள் கண்டிருந்தனர். ஆயின், அது எங்கிருந்து வந்ததென அறிந்தாரில்லை. பாரிசு நகரத்துப் பேராசிரியர் குருவேய்யே, நாளங்களின் அழற்சியே நோய்களுக்கெல்லாம் தலையாய காரணம் எனப் போதித்துவந்த காலம் அது. பேர்லின் நகரின் ஷரிட்டே வைத்தியசாலையிற் பிரேத பரிசோதனை செய்துவந்த ருடோல்ப் விர்ஹோ என்னும் இளைஞர் அக்கொள்கையை ஐயுற்றார். 1846ஆம் ஆண்டில் அவருக்கு வயது ஏறத்தாழ 25. தாம் பரிசோதித்த 76 பிரேதங்களுள் 18இல் நாளங்களிலும், 11இல் சுவாசப்பை நாடிகளிலும் கட்டிகள் இருக்கக் கண்டார். காலின் நாளத்திலே பிறந்த கட்டியொன்று பெயர்ந்து, குருதியோட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, சுவாசப்பையில் வந்து சிக்கிக்கொள்கின்றது என்று அவர் முடிவு செய்தார். நாய்களின் கழுத்து நாளத்தில் இரப்பர்த் துண்டுகளைச் செலுத்தி, அவை சுவாசப்பையைச் சென்றடைவதையுங் காட்டினார். 'எம்பொலிசம்' என்னும் பெயர் மருத்துவத்தில் நிலைபெற்றது அவராலேயே.

நோயின் பிறப்பிடம் கால்; அது வெளிப்படும் இடமோ மார்பு. இதனை உணர்ந்த பின்னரே அதன் பல வேடங்களுக்குக் காரணம் புலப்படலாயிற்று. பெரிய கட்டி சுவாசப்பை நாடியின் அடிமரத்தையே அடைத்துவிட்டால், இதயத்தின் வலப்பக்கம் அத்தடையை எதிர்த்துக் குருதியைத் தள்ளமாட்டாது திணறும். குருதியமுக்கம் வீழ, நோயாளி மயங்கி விழுவார். சிறிய கட்டியோ நாடியின் நுனிக்கிளை வரை சென்று, சுவாசப்பையைப் போர்த்திருக்கும் மென்சவ்வின் அருகே தங்கும். அப்போது மூச்சை உள்ளிழுக்குந்தோறும் ஊசியாற் குத்துவது போன்ற வலி உண்டாகும். சளியிற் குருதியுங் காணப்படலாம். வலி பெரிதாயின் ஆபத்தும் பெரிது என்பது உலக வழக்கு. இந்நோயிலோ சிறிய கட்டி அலறும்; பெரிய கட்டி சில வேளைகளில் வலியேயின்றி உயிரைக் கவரும். இன்னும், முன்னரே இதயநோயோ சுவாச நோயோ உடைய முதியவரிடம் இது பழைய இளைப்பு சற்று மிகுந்தது போலவே தோன்றும். திடகாத்திரமான இளைஞரோ, படியேறும்போது மட்டும் மூச்சு வாங்குவதாகக் கூறுவார்.

இந்நோய் யாரை நாடும் என்பது அடுத்த வினா. நெடுங்காலமாக இது சத்திரசிகிச்சைக்குப் பின்னும் பிரசவத்திற்குப் பின்னும் படுக்கையிற் கிடப்போரின் நோயாகவே எண்ணப்பட்டது. சத்திரசிகிச்சை நன்கு முடிந்து, வீடு திரும்பும் நாளை எண்ணியிருந்த நோயாளி கட்டிலை விட்டெழுந்ததும் சாய்ந்து இறப்பது சத்திரவைத்தியர்களைக் கலங்கச் செய்த காட்சி. லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் திரெண்டலன்பேர்க் 1908இல் மார்பைத் திறந்து கட்டியை அகற்ற முயன்றார். அவரால் ஒருவரையும் பிழைக்கவைக்க முடியவில்லை. 1924 மார்ச்சில் அவர் மாணவர் கிர்ஷ்னர் அதே முறையில் ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் மறைந்த முதிய ஆசிரியருக்கு அச்செய்தியைக் கேட்கும் பேறு கிட்டியது.

பின்னர், எவரும் எதிர்பாராத வேடமொன்று வெளிப்பட்டது. 1940இல் இலண்டன் மாநகர் மீது ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு பொழிந்தன. மக்கள் பதுங்கிடங்களிலே, துணி கட்டிய மடக்குக் கதிரைகளில் அமர்ந்தபடியே இரவுகளைக் கழித்தனர். சட்ட வைத்தியர் கீத் சிம்சன், சுவாசப்பைக் கட்டியால் நேரும் சாவுகள் முந்திய ஆண்டிலும் பார்க்க ஆறு மடங்காகப் பெருகியதைக் கண்டார். கதிரையின் முன்சட்டம் தொடையின் கீழே அழுத்த, காலின் குருதி தேங்கி உறைந்திருந்தது. குண்டுக்குத் தப்பியவர்கள் கதிரைக்குப் பலியாயினர்! கதிரைகளுக்குப் பதிலாகப் படுக்கைகள் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பதுங்கிடங்களில் அடுக்குக் கட்டில்களும் வந்தன. 1954இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஹோமன்ஸ் நெடுந்தூர விமானப் பயணத்தின் பின்னரும் இக்கட்டி தோன்றுவதை எடுத்துரைத்தார். படுக்கை மட்டுமன்று, அசையாது வீற்றிருக்கும் ஆசனமும் குற்றவாளியே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 2020இல் உலகைச் சூழ்ந்த கொவிட் நோயாளர் பலரின் சுவாசப்பைகளிலும் இதே கட்டிகள் காணப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையும் தான் தேடிய இடத்திலேயே இந்நோயைக் கண்டிருக்கின்றது. தேடாத இடத்தில் அது மறைந்தே இருந்திருக்கின்றது.

கண்டுகொண்டால் பயன் என்ன? 1960இல் பிறிஸ்ரல் நகரத்து வைத்தியர்களான பரிட், ஜோர்டன் ஆகியோர் அதற்கு விடை தந்தனர். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து பெறாத 19 நோயாளருள் ஐவர் இந்நோயால் மாண்டனர். மருந்து பெற்ற 16 பேருள் ஒருவரேனும் இந்நோயால் இறக்கவில்லை. ஆதலால், காக்கும் வழி உண்டு. ஆனால், ஐயம் எழுந்தாலன்றி அவ்வழி திறவாது.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று. 2017இல் ரெனிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் சத்திரசிகிச்சை மூலம் மகளைப் பெற்றெடுத்த மறுநாள், மூச்சு முட்டுவதை உணர்ந்தார். முன்னரும் இந்நோயுற்றிருந்த அவர், தமக்கு நேர்வது இன்னதென்று தாமே கூறினார். வலிநீக்கும் மருந்தினால் வந்த குழப்பமாகலாம் எனத் தாதி எண்ணினார். கால்களைப் பரிசோதித்தபோதும் ஒன்றும் தென்படவில்லை. அவர் விடாது வற்புறுத்தியதன் பின்னரே சீ.ரி. கதிர்ப்படம் எடுக்கப்பட்டது. சுவாசப்பையிற் கட்டிகள் இருந்தன; சிகிச்சையால் உயிர் பிழைத்தார். உலகறிந்த ஒருவரின் சொல்லுக்கே இத்தகைய தடை நேர்ந்ததாயின், மெல்லக் குறைகூறி அடங்கிவிடும் எளியவரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ, கருவுற்ற காலத்திலோ, பிரசவத்தின் பின்னரோ, நெடுநாட் படுக்கையின் பின்னரோ, நீண்ட பயணத்தின் பின்னரோ ஒருவர் திடீரென மூச்சிளைப்பதாகவோ மார்பு குத்துவதாகவோ கூறினால், 'களைப்பு, தீர்ந்துவிடும்' என்று ஆறுதல் கூறி இருந்துவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நோகின்றதா என்றும் பாருங்கள். வீக்கம் இல்லையென்பதால் நோயும் இல்லையென்று கொள்ளாதீர்கள். தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, அண்மையில் அவருக்கு நேர்ந்தவற்றை வைத்தியரிடம் எடுத்துரையுங்கள். இந்நோய் எத்தனை வேடம் பூண்டாலும், அந்த முன்கதை அதனைக் காட்டிக்கொடுக்கக் கூடும்.