மணிச்சத்தமும் அணுக்களும்

எங்க பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டுக்குக் கீழ நின்னா மணிச்சத்தம் உடனே கேட்கும். தள்ளிப் போனா கொஞ்சம் லேட்டாத்தான் வரும். உப்பு மாதிரி படிகங்களிலும் இதே கதைதான். ஓர் அயனி அசைந்த சேதி ஒளிவேகத்தில்தான் பரவும். பக்கத்து அயனிக்கு அந்தத் தாமதம் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் தாண்டினால் தெரியும்.

அதைக் கணக்கில் சேர்த்து, படிக அதிர்வும் ஒளியும் கலந்த புது அலை உண்டு என்று 1951-இல் சொன்னவர் ஹுவாங் குன். மாக்ஸ் போர்னோடு வேலை பார்த்தவர். போர்னுக்கும் நம்ம சி.வி.ராமனுக்கும் 1940-களில் படிக அதிர்வு பற்றிப் பெரிய சண்டை. ஜெயிச்சது போர்ன்தான்.

ஆனா பாருங்க, ஹுவாங்கின் கலப்பலையை ஹென்றியும் ஹாப்ஃபீல்டும் 1965-இல் காலியம் பாஸ்பைடு படிகத்தில் பிடிச்சது எதை வைத்து? ராமன் விளைவை வைத்து! தோத்தவரோட கருவிதான் ஜெயிச்சவர் பக்கம் சாட்சி சொல்லியிருக்கு.