அமைதி காத்தலும் மக்களைக் காத்தலும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்து ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறுகின்றது. இச்சாலையின் கீழ்ப்பகுதியிலேதான் 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 1915 மே 28 இல் கண்டி நகரிலே தொடங்கிய கலவரமும் அம்மக்களுக்கு எதிரானதே. இவ்விரண்டுக்கும் இடையே, 1977 ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். அரசு காவாத பொழுது காப்பவர் யார் என்பது இப்பிரதேசத்தவருக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

1977 இல் அவ்வினாவை உலக அரங்கில் எழுப்புதல் அரிதாயிருந்தது. உள்நாட்டு அலுவல்களில் தலையிடலாகாது என்னும் ஐக்கிய நாடுகள் சாசன விதியே அன்று மேலோங்கி நின்றது. அக்கால அமைதி காக்கும் படைகள் பெரும்பாலும் இரு தரப்புச் சேனைகளுக்கு இடையே நின்று, ஒரு கோட்டைக் காத்தன. வன்முறைக்கு இலக்காகும் குடிமக்களைக் காத்தல் என்னும் பணி ஒரு படையின் ஆணையில் வெளிப்படையாக எழுதப்பட்டது 1999 ஒக்டோபரில், சியராலியோன் பற்றிய 1270 ஆம் தீர்மானத்திலேயே. ருவாண்டாவும் சிரெப்ரெனிக்காவும் அதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தன.

மலையகத்தவரோ எவரையும் எதிர்பார்த்திராது தாமே புகலிடம் தேடினர். 1977 இன் பின்னர் தோட்டங்களை விட்டகன்ற குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறின. கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நிறுவிய காந்தீயம் இயக்கம் அவர்களுக்கு உறுதுணையாயிற்று. இராஜசுந்தரம் 1983 யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். வன்னி பாதுகாப்பான நிலம் என்று அம்மக்கள் கருதினர். இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1987 யூலை 29 ஆம் நாள் இலங்கை-இந்திய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. அது ஐ.நா. படையன்று, இரு அரசுகளின் இணக்கத்தால் வந்த படை. வடகிழக்கில் வாழும் எல்லாச் சமூகங்களினதும் உடற்பாதுகாப்புக்கு இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்ற வாசகம் உடன்படிக்கையில் உண்டு. ஆயின் படைக்குரிய பணியாகப் பின்னிணைப்புக் குறித்தது, போர்நிறுத்தத்திற்கு உத்தரவாதமளித்து அதனை நடைமுறைப்படுத்துவதையே. ஒக்டோபர் 10 இல் அப்படையே புலிகளுடன் பொருதியது. அதே மாதம் 21 ஆம் நாள் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளே வைத்தியர், தாதியர், நோயாளர் எனப் பலர் அப்படையினராற் கொல்லப்பட்டனர். படை 1990 மார்ச்சில் வெளியேறியது. காவற்படை போரிற் கலந்ததே தவறென்பர் பலர். அதனினும் முந்திய குறை, குடிமக்களைக் காத்தல் அதன் ஆணையில் முதன்மை பெறாமையே என்பது எம் கருத்து.

இதற்கு மாறான ஓர் உதாரணம் அதே 1990 இல் மன்னார் மாவட்டத்திற் காணப்பட்டது. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகர் அலுவலகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. அங்கே துப்பாக்கி இல்லை. கொடியும் அலுவலரும் இரு தரப்பினரின் சம்மதமுமே இருந்தன. சம்மதம் குலைந்தபோது காவலும் குலைந்தது: 1999 நவம்பரில் மடு ஆலயத்தின்மீது எறிகணை வீழ்ந்து நாற்பதின்மர் வரை மாண்டனர். எனினும் அதுவரை ஆயிரக்கணக்கானோர் கடல் கடவாது உள்நாட்டிலேயே உயிர் தரிக்க அந்நிலையங்கள் உதவின.

2002 இன் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் ஆயுதமற்றதே. ஆனால் அதன் பணி மீறல்களைப் பதிவதேயன்றித் தடுப்பதன்று. 2008 சனவரியில் அது விடைபெற்றது.

அவ்வாண்டு செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதமளிக்க இயலாது என அரசு அறிவித்ததும் ஐ.நா. சர்வதேச அலுவலர் கிளிநொச்சியை விட்டகன்றனர். அலுவலக வாயிலிலே மக்கள் திரண்டு, போகாதீர்கள் என மன்றாடினர். அவர்கள் அஞ்சியது சாட்சியின்றி விடப்படுவதையே. அடுத்த ஆண்டில் அரசு அறிவித்த மூன்று பாதுகாப்பு வலயங்களுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. வெளியேற முயன்றோரைப் புலிகள் தடுத்தனர், சுடவுஞ் செய்தனர். நாற்பதினாயிரம் வரையான குடிமக்கள் இறந்திருக்கலாம் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இற் கூறியது. 1977 இலும் 1983 இலும் மலையிலிருந்து இறங்கி வந்தோரும் அவர்தம் மக்களும் இந்நிலப்பரப்பினுள் அகப்பட்டிருந்தனர். புகலிடமென்று அவர்கள் தேர்ந்த மண்ணே போர்க்களமாயிற்று.

அந்நாள்களிலும் செஞ்சிலுவைச் சங்கம் முற்றாக விலகவில்லை. புதுமாத்தளன் கரையிலிருந்து 2009 பெப்ரவரி தொடங்கி மே 9 வரை, காயமுற்றோரும் உறவினருமாகப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை அது கப்பலிலேற்றிக் கொண்டுசென்றது.

ஐ.நா. தன் பிழையை ஆராயச் சார்ள்ஸ் பெற்றி தலைமையிற் குழுவொன்றை அமைத்தது. நிறுவன அமைப்பு முழுவதும் தவறியதெனக் கூறிய அவ்வறிக்கை 2012 நவம்பரில் வெளிவந்தது. போரின் இறுதியில் தப்பியோர் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே மூடப்பட்டிருந்தது.